சிரிப்புச் சத்தம்: கடலூர், புதுச்சேரி, நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி. திருப்பாதிரிப்புலியூர்

சோழன் எக்ஸ்பிரஸ் விழுப்புரத்தைத் தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பண்ருட்டியில் முந்திரிப் பொட்டலம் விற்கிறவர்கள் ஏறி இறங்கினார்கள். நெல்லிக்குப்பம் வந்தபோது சர்க்கரை ஆலை வாசம் பெட்டிக்குள் நிறைந்தது. ராத்திரி பெய்த மழையில் வயலெல்லாம் தண்ணீர். இந்த ஊரில் பிறந்து இருபது வயது வரை இருந்தவன் நான். இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தாலே அதிகம்.

இந்த முறை வந்த காரணம் வேறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுச்சேரியில் ஒரு சின்ன வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சட்டம் மாறிக்கொண்டிருந்த வருடங்களில் நம் பக்கத்துச் சினிமா பால்புதுமையரை (ஒருபாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டவர்களை) எப்படிக் காட்டியது என்பது தலைப்பு. புத்தகத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துப் பேசிவிடலாம். ஆனால் எனக்கு இது குறிப்பெடுக்கிற விஷயம் இல்லை. அதனால் இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பி, முதலில் ஒரு தியேட்டர் வாசலுக்குப் போனேன்.

தியேட்டர் இப்போது ஓடவில்லை. கேட்டில் பூட்டு. உள்ளே ஆட்டோக்கள் நிறுத்தியிருக்கிறார்கள். 2006 ஆகஸ்டில் 'வேட்டையாடு விளையாடு' வந்தபோது எனக்கு 19 வயது. கல்லூரியிலிருந்து எட்டுப் பேர் வந்தோம். கமல் படம், முதல் வாரம், பால்கனியில் இடமே இல்லை. ஹாரிஸ் ஜெயராஜின் அந்தப் பாட்டுகளை இன்றைக்கும் கேட்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் கடைசிப் பகுதியில், கொலைகாரர்கள் இருவருக்கும் நடுவே வேறொரு உறவு இருக்கிறது என்று படம் சொல்லாமல் சொல்லும் இடம் வந்தது. ஒரே ஒரு கணம்தான். தியேட்டரில் விசில், கூச்சல், சிரிப்பு. பின் வரிசையிலிருந்து ஒருத்தன் ஒரு வார்த்தை கத்தினான். அதைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள்.

எட்டுப் பேரில் ஒருவன் இப்போது ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஒருபாலுறவு குற்றமில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்றைக்கு அவனிடம் என்னைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்ட்டியாடா?" என்று கேட்டவன். இன்றைக்கு டீ குடித்துக்கொண்டே அந்தப் படம் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. இன்டர்வெல்ல பப்ஸ் தீந்து போச்சுன்னு சண்ட போட்டோமே."

"அந்த சீன்ல நீ சிரிச்சியா?"

யோசித்தான். "எல்லாரும் சிரிச்சாங்கடா. ஏன், நீயுந்தான் சிரிச்ச. நீதான் ரொம்ப சிரிச்ச."

அவன் சொன்னது சரி. எட்டுப் பேரில் நான்தான் உரக்கச் சிரித்தேன். சிரிக்காத ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம். பக்கத்தில் இருக்கிறவன் சிரித்து முடிக்கும் வரை நிறுத்தக்கூடாது என்று எண்ணிக்கொண்டே சிரித்தது இன்றைக்கும் வயிற்றில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

ராத்திரி மஞ்சக்குப்பத்தில் பெரியம்மா வீடு. சுறாப்புட்டு. அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார்.

இரண்டாம் நாள், சனி. தேவனாம்பட்டினம், முள்ளோடை

காலையிலேயே கடற்கரைக்குப் போனேன். வெளியூர்க்காரர்களுக்கு இது சில்வர் பீச், எங்களுக்குத் தேவனாம்பட்டினம். கார்த்திகைக் கடல் கலங்கிப்போய்க் கிடந்தது. படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் குப்பம் என்ன ஆனதென்று கடலூரில் யாரும் சொல்லத் தேவையில்லை. ஸ்வர்ணவேல் ஈஸ்வரன் எடுத்த 'கட்டுமரம்' சுனாமிக்குப் பிந்தைய அப்படியொரு மீனவ ஊரில் நடக்கிற கதை. மிஷ்கின் தாய்மாமனாக வருவார். தாயில்லாத மருமகளுக்கு மாப்பிள்ளை தேடுவார். அவளோ ஊருக்குப் புகைப்படம் சொல்லித்தர வந்த பெண்ணை விரும்புவாள். விழாக்களில் சுற்றிய படம், பெரிய ஓட்டம் ஓடவில்லை. ஆனாலும் தமிழில் பெண்ணும் பெண்ணும் விரும்புவதை நகரத்து பிளாட்டுக்குள் அடைக்காமல் கருவாடு காயும் மணலில் வைத்ததற்காக எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த அக்காக்களைப் பார்த்தபோது அந்தப் படம்தான் நினைவில் ஓடியது.

புனித டேவிட் கோட்டையில் பார்க்க அதிகம் மிச்சமில்லை. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, சில வருடங்கள் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே இதுதான். இங்கிருந்து வடக்கே இருபது மைலுக்குள் பிரெஞ்சுக்காரர்களின் ஊர். நடுவில் பெண்ணையாறு.

மத்தியானம் அந்த ஆற்றைப் பஸ்ஸில் கடந்தேன். ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை வந்ததும் வரிசையாகச் சாராயக் கடைகள், ஒயின்ஷாப்புகள். மாநிலம் மாறிவிட்டது என்று போர்டைப் படிக்காமலே தெரியும். சின்ன வயதில் இந்த எல்லையை நாங்கள் பெட்ரோல் விலையிலும் பாட்டில் விலையிலும்தான் அளந்தோம். எனக்கு இது வேறொரு எல்லையாகவும் இருந்தது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வயது வந்த இரண்டு ஆண்கள் தனிமையில் சேர்வதைக் குற்றம் என்று சொல்லும் சட்டத்தைப் பிரான்ஸ் 1791-லேயே விட்டுவிட்டது. ஆங்கிலேயர் 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் அதுவே 377-ஆம் பிரிவு. ஆயுள் தண்டனை வரைக்கும் போகக்கூடியதாக இருந்தது. ஆற்றுக்குத் தெற்கே கடலூரில் அந்தப் பிரிவு ஆங்கிலேயர் காலத்திலேயே வந்தாயிற்று. வடக்கே புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் கைக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. இந்திய தண்டனைச் சட்டம் அங்கே நீட்டிக்கப்பட்டது 1963-ல். வெள்ளைக்காரன் எழுதின பிரிவு, வெள்ளைக்காரன் போன பிறகு, சுதந்திரத்தோடு சேர்ந்து வந்து இறங்கியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. பெரிய வாய்க்காலைப் போட்டு வெள்ளைக்காரத் தெரு, கறுப்பர் தெரு என்று பிரித்தவன் அவன். புத்தகத்தில் ஒரு பிரிவு இல்லை என்பதால் இந்தக் குப்பங்களில் யாரும் நிம்மதியாக இருந்தார்கள் என்றும் நினைக்கவில்லை. வீட்டுப் பெரியவர்களின் சட்டம் எந்த அரசாங்கத்தையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. என்றாலும் கண்டக்டர் "கன்னியகோயில் எறங்கு" என்று கத்தினபோது கண் கலங்கியது. நான் பயந்து வளர்ந்த ஒரு விஷயத்துக்கு, பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில், ஒரு காலத்தில் சட்டத்தில் பெயரே இல்லை.

கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். முதலியார்பேட்டையில் டிராபிக். அறைக்கு வந்து படுத்துவிட்டேன். சென்னையில் என்னோடு இருக்கிறவனுக்கு போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். அவன் வர முடியவில்லை, ஆபீஸில் மாதக் கடைசி. "இதையும் பேச்சுல சொல்லு" என்றான்.

மூன்றாம் நாள், ஞாயிறு. கருவடிக்குப்பம், கடற்கரைச் சாலை

பாரதி பாடிய குயில்தோப்பு கருவடிக்குப்பத்தில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதே கருவடிக்குப்பத்தில்தான் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதியும். 1922 நவம்பரில் அவர் காலமானது புதுச்சேரியில். புதுச்சேரி அரசு நல்ல தமிழ்ப் படத்துக்குக் கொடுக்கும் விருதுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறது. நாடகக்காரர்கள் இன்றும் வந்து குருபூஜை செய்கிறார்கள். நான் போனபோது யாருமில்லை. மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

சினிமாவைப் பற்றிப் பேச வந்தவன் எதற்கு இங்கே வரவேண்டும்? 1918-ல் அவர் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவும், அந்த மாதிரியான பாய்ஸ் கம்பெனிகளும்தான் பிறகு பேசும் படத்துக்கு ஆட்களைக் கொடுத்தன. அங்கே எல்லா வேஷமும் பையன்களுக்குத்தான். ராஜபார்ட், கள்ளபார்ட், பபூன் மாதிரி ஸ்திரீபார்ட்டும் ஒரு பிரிவு. வள்ளியும் பவளக்கொடியும் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள். மகரக்கட்டு வந்து குரல் உடையும் வரை அவர்கள்தான் நாயகிகள். சிவாஜி கணேசன் சிறுவனாக சீதை வேஷம் கட்டியவர். டி.கே.சண்முகம் ஒளவையாராகவே ஆகிப்போய் 'அவ்வை' என்ற பட்டத்தோடு வாழ்ந்தார். அந்தப் பக்கம் கே.பி.சுந்தராம்பாள் 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார், லட்ச ரூபாய் சம்பளத்துக்கு.

அந்தக் கம்பெனி வாழ்க்கை சொர்க்கமில்லை. அடி, பசி, வீட்டை நினைத்து அழுகை எல்லாம் அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயம் என்னை விடுவதில்லை. பையன் சேலை கட்டி மேடையில் அழுதபோது நம் தாத்தாக்களும் பாட்டிகளும் சேர்ந்து அழுதிருக்கிறார்கள். சேலை கட்டிய ஆணைப் பார்த்ததும் சிரிப்பது நம் ரத்தத்தில் ஊறியது இல்லை. அது பழக்கப்பட்டது. சினிமா வந்து, பெண்களே நடிக்க வந்து, ஸ்திரீபார்ட்டுக்கு வேலை இல்லாமல் போன பிறகு, அந்தச் சேலை காமெடியன் கைக்குப் போய்விட்டது. நளினமாக நடக்கிற பையன் ஐம்பது அறுபது வருஷம் சிரிப்புக்கு மட்டும் வந்தான். இல்லாவிட்டால் வில்லனாக வந்தான்.

மாலை ஐந்து மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் நடந்தேன். வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். பா.ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' இந்த ஊரில் நடக்கிற கதை. ஒரு நாடகக்குழு, காதலைப் பற்றி ஒரு நாடகம் தயாரிக்கிறார்கள். சாதி, ஆணவக்கொலை என்று பேசிக்கொண்டே போகும்போது அந்தக் குழுவில் ஆணும் ஆணும் ஜோடியாக இருக்கிறார்கள், பெண்ணும் பெண்ணும் ஜோடியாக இருக்கிறார்கள், ஒரு திருநங்கை இருக்கிறார். யாரும் அவர்களுக்கு விளக்கம் கொடுப்பதில்லை. வேலைக்கு வருகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள். ஊரிலிருந்து நடிக்க வந்த அர்ஜுன் மட்டும் முகம் சுளிப்பான். படம் அவனைத்தான் வித்தியாசமான ஆளாகப் பார்க்கும். தமிழில் அப்படி ஒரு திருப்பத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. படம் வந்தது 2022 ஆகஸ்ட் 31. அதே ஆகஸ்டில்தான் தமிழ்நாடு அரசு, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கேட்டுக்கொண்டே இருந்ததன் பேரில், நம்மைக் குறிக்கும் சொற்களைப் பட்டியலிட்டு அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர் என்ற சொல் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அப்போது.

கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். கடலூர் தியேட்டரையும் என் சிரிப்பையும் சொல்லித் தொடங்கினேன். பிறகு வருடங்களாக அடுக்கினேன். 2008-ல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம். 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஐத் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 2014 ஏப்ரல் 15-ல் அதே நீதிமன்றம் திருநரின் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. ஒன்பது மாதம் கழித்து, 2015 பொங்கலுக்கு 'ஐ' வந்தது. அதில் ஒரு திருநங்கையை அருவருப்பாகக் காட்டினார்கள் என்று சென்னையில் திருநங்கைகள் தெருவில் இறங்கினார்கள். நீதிமன்றம் மனுஷி என்று சொல்லி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தியேட்டருக்கு அந்தத் தீர்ப்பு போய்ச் சேரவில்லை.

'காஞ்சனா' பற்றி நான் கொஞ்சம் காட்டமாகவே பேசினேன். 2011-ல் சரத்குமார் திருநங்கையாக நடித்தது பெரிய விஷயம்தான், ஆனால் அவள் செத்துப் பேயான பிறகுதானே நமக்குப் பாசம் வந்தது என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த திருநங்கை அக்கா ஒருவர் எழுந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"தம்பி, நீங்க சொல்றது படிச்சவங்க பேசுறது. நான் அந்தப் படத்த தியேட்டர்ல ஆறு தடவ பாத்தேன். அதுக்கு முந்தி சினிமாவுல எங்க ஆளு வந்தாலே நான் முந்தானைய இழுத்து மூஞ்ச மூடிப்பேன். அன்னிக்கு படம் வுட்டு வெளிய வரேன், ஒரு அம்மா, யாருன்னே தெரியாது, என் கையப் புடிச்சிகிட்டு அழுவுது. பேயா வந்தா என்ன தம்பி? அந்த அம்மா என் கையத்தான புடிச்சிச்சு."

எனக்குப் பதில் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். விமர்சனம் எழுதும்போது நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவர் பக்கத்து இருக்கையையும் பார்த்திருக்கிறார். 'சூப்பர் டீலக்ஸ்' பற்றிக் கேட்டபோது அதே அக்கா முகம் சுருங்கியது. விஜய் சேதுபதியின் ஷில்பா மகனோடு இருக்கும் இடமெல்லாம் பிடித்ததாம். குழந்தைகளைக் கடத்துகிற கும்பலோடு அவளைச் சேர்த்துச் சொன்னதை மன்னிக்க மாட்டாராம். "ஏற்கனவே புள்ள புடிக்கிறவங்கன்னு ஊரு சொல்லுது. அதையே படத்துலயும் வெச்சா நாங்க எங்க போறது?" படம் வந்தபோதே பல திருநங்கைகள் கேட்ட கேள்வி அது. நானும் அவர் பக்கம்.

கல்லூரி மாணவி ஒருத்தி, 2025 காதலர் தினத்தன்று வந்த 'காதல் என்பது பொதுவுடைமை' படத்தை அம்மாவோடு போய்ப் பார்த்ததாகச் சொன்னாள். மகள் வீட்டுக்குக் கூட்டிவரும் காதலி ஒரு பெண் என்று தெரிந்ததும், முற்போக்காகப் பேசிவந்த அம்மா ரோகிணி ஆடிப்போகிற படம். "எங்கம்மா ஸ்கிரீன பாக்கவே இல்ல சார். என்னையே பாத்துட்டு இருந்தாங்க" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்காம் நாள், திங்கள். மஞ்சக்குப்பம்

மத்தியானம் பெரியம்மா வீட்டுக்குத் திரும்பினேன். டிவியில் பழைய காமெடி ஓடிக்கொண்டிருந்தது. நடிகர் சேலை கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டுகிறார், இன்னொருத்தர் விரட்டி விரட்டி அடிக்கிறார். பெரியம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். இந்த வயதில் அவர் அப்படிச் சிரிப்பதைப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் மூன்று நாளாக இதையே நினைத்துத் திரிந்தவனுக்கு உதடு பிரியவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, நீ சிரிக்கல?"

19 வருஷமாக இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஒவ்வொரு தியேட்டரிலும் சிரித்திருக்கிறேன். அது கடைசியில் பெரியம்மா வாயிலிருந்து, கையில் வெற்றிலைச் செல்லத்தோடு, இவ்வளவு சாதாரணமாக வரும் என்று நினைக்கவில்லை. சொன்னேன். சுற்றி வளைக்காமல், அந்தப் படத்திலிருந்து தொடங்கி, எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது வரைக்கும். சென்னை வீட்டில் என்னோடு இருக்கிறவன் வெறும் ரூம்மேட் இல்லை என்றும் சொன்னேன்.

அவர் ரிமோட்டைத் தேடி டிவி சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை. வெற்றிலை நரம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். "உங்கம்மாக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "இப்ப சொல்லாத. நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான். எழுந்து போய் மாடியில் காய்ந்த துணியை எடுத்து வந்தார்.

சாயங்காலம் அவரே கேட்டார், "ஜோதிகா படம் ஒண்ணு சொன்னியே, மலையாளத்துல, அத போடு." ஜோதிகா என்றால் அவருக்கு உயிர். மம்மூட்டி சொந்தக் கம்பெனியில் எடுத்து நடித்த 'காதல் தி கோர்'. ஒரே பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்தது 2023 அக்டோபர் 17. ஐந்து வாரமும் இரண்டு நாளும் கழித்து அந்தப் படம் வந்தது. கேரளத்து ஊரில் இடைத்தேர்தலில் இடதுசாரிகள் சார்பில் நிற்கிறவர் மாத்யூ. அதே நேரத்தில் மனைவி ஓமனா விவாகரத்துக் கேட்டு கோர்ட்டுக்குப் போகிறாள். அவருக்கும் இன்னொரு ஆணுக்கும் உள்ள உறவைக் காரணமாகச் சொல்கிறாள், வெறுப்பில்லாமல். பெரியம்மாவுக்கு மலையாளம் பாதி புரிந்தது, மீதியை நான் சொன்னேன். "இருவது வருஷம் அந்தப் பொண்ணும்தான வீணாப் போச்சு" என்றார் நடுவில். என் பேச்சில் நான் சொல்லாமல் விட்டது அதுதான். எனக்குப் பார்த்த பெண்ணை நான் வேண்டாம் என்றபோது இந்தப் பெரியம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

படம் முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. காலையில் நான் கிளம்ப வேண்டும் என்று சமையலறையில் டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"டேய், அந்தப் புள்ள கருவாடு சாப்புடுமா?"

"இல்ல பெரீம்மா. சைவம்."

"அப்ப அதுக்கு முந்திரி வெக்கிறேன்."